உடைந்த ஊசி நோட்டு

பாழடைந்த பழைய பாலங்களைத் தேடிப் போய்ப் படம் பிடிக்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ட்ரோனும் தொப்பியுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். வேர் பிளந்த சுவர், துருவேறிய கம்பி, பாதியில் நிற்கிற வளைவு என்றால் உயிரையே விடுகிறார்கள். இதற்காகக் காடு மேடெல்லாம் அலைவானேன்? திருப்பூருக்கு வரட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் எல்லாம் கிடைக்கும். ஒரே ஓர் அசௌகரியம்: மற்ற ஊர்களில் கைவிட்ட பாலத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது, படம் சுத்தமாக விழும். இங்கே காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன், பண்டல் ஏற்றிய டெம்போ, சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல் என்று குறுக்கே வந்துகொண்டே இருப்பார்கள். பாலத்தைச் சர்க்கார்தான் கைவிட்டது. ஜனங்களுக்கு வேறு வழி இல்லை.

நொய்யலையும் அதில் வந்து விழுகிற ஓடைகளையும் தாண்டுகிற பாலங்களில் ஒன்றின் மேல், எது என்று சொல்லி யாரையும் வருத்தப்படுத்த வேண்டாம், இறங்கி நின்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் விரிசலில் அரசங்கன்று இடுப்பளவு வளர்ந்திருக்கும். மழைத்தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துவாரங்களைக் கட்டிங் வேஸ்ட் அடைத்திருக்கும். நல்ல பருத்தி, சிவப்பு, நீலம், மெலாஞ்ச் என்று எல்லாக் கலரும் உண்டு. கைப்பிடி உடைந்து போன இடத்தில் இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே ஒரு பிளாஸ்டிக் கயிறு. நுழைகிற இடத்தில் மட்டும் பளபளவென்று ஒரு போர்டு: பாலம் பழுதடைந்துள்ளது, கனரக வாகனங்கள் செல்லத் தடை. அது நமக்கு வைத்த எச்சரிக்கை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாலம் விழுந்த மறுநாளைக்காக இன்றே எடுத்து வைத்த முன்ஜாமீன்.

அதே பாலத்தைத் தாண்டிப் போய் பனியன் கம்பெனி டைலர் ஒருவர் பவர் டேபிளில் உட்காருகிறார். தைப்பது ஐரோப்பாவில் ஏதோ ஒரு குழந்தைக்கான சட்டை. தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, சேர்த்து வைத்து, முழு ஊசி வந்துவிட்டதா என்று பார்த்து, நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்ட வேண்டும். தேதி, மெஷின் நம்பர், சூப்பர்வைசர் கையெழுத்து. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்துத் துணி மொத்தமும் தனியே ஒதுக்கப்படும். அப்புறம் நீடில் டிடெக்டர். அப்புறம் பட்டனை 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்பது. சாயம் போகிறதா, சுருங்குகிறதா, தையல் விடுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் சும்மா ஆகிவிடவில்லை.

பாலத்திலிருந்து கான்கிரீட் பெயர்ந்து ஆற்றில் விழுகிறதே, அந்தத் துண்டை எந்த நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள்? மெஷின் நம்பர் என்ன? சூப்பர்வைசர் யார்?

நம் சட்டைகள் போகிற இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயர் என்ற பகுதியில் 1779-இல் எழுப்பிய ஓர் இரும்புப் பாலம் இருக்கிறது. பெரிய அளவில் வார்ப்பிரும்பில் கட்டிய உலகின் முதல் பாலம். 1934-இல் வண்டிகளை நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு போகவில்லை, இன்றுவரை சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். நமக்கும் அப்படிப்பட்ட மரபு இல்லாமல் இல்லை. திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-இல் தாமிரபரணிக்குப் பாலம் கட்டினார். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் பணம் பாலத்துக்குள் போனது. அதற்கப்புறம் எந்த வருஷம் திசை மாறியது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் டாக்டர் பட்டமே தரலாம்.

மங்கலம் பக்கம் நொய்யலில் நல்லம்மன் தடுப்பணை இருக்கிறது. கட்டக் கட்ட உடைந்த அணை நிற்பதற்காக நல்லம்மாள் என்ற பெண் உயிரைக் கொடுத்தாள் என்று ஊரில் கதை. அணையிலேயே அவளுக்குக் கோயில். அந்தக் காலத்தில் கட்டுமானம் நிற்க வேண்டும் என்று முதலிலேயே ஓர் உயிர் போனது. இப்போது முறை வேறு. 2022 அக்டோபர் 26 அன்று குஜராத்தின் மோர்பியில் நூறாண்டு தாண்டிய தொங்கு பாலத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். பராமரிப்புக் குத்தகை கடிகாரத்துக்குப் பேர்போன ஒரு கம்பெனிக்கு. நாலே நாளில், 30-ஆம் தேதி, அறுந்து விழுந்தது. 135 பேர். பிறகு விசாரணையில் பார்த்தால், ஒரு கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 முன்னமே துருவேறி அற்றுப்போயிருந்தனவாம். அங்கே போனவர்களும் பழைய பாலம் பார்க்கப் போனவர்கள்தான், குழந்தை குட்டிகளோடு, டிக்கெட் வாங்கிக்கொண்டு.

பழைய பாலம்தான் இப்படி, புதுசு கட்டினால் சரியாகிவிடும் என்கிறீர்களா? திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம், ஓய்வு கொடுத்த பிறகு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில்தான் சாய்ந்தது. தொண்ணூறு வருஷம். தூணடி மணல் எங்கே போனது என்று ஆற்றைக் கேட்காதீர்கள், லாரியைக் கேளுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் தொண்டமனூரில் தென்பெண்ணைக்குக் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்து வெள்ளத்தில் போய்விட்டது. புராதனச் சின்னமாவதற்கு அந்தக் காலத்தில் ஒரு பாலம் தொண்ணூறு வருஷம் காத்திருந்தது. நாம் அதை மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். ஷிப்மெண்ட் தேதிக்கு முன்னாலேயே சரக்கை ஏற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாலத்துக்குக் கீழே ஓடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழிவை ஆற்றில் விட்ட சாயப்பட்டறைகளுக்கு 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் அபராதம் போட்டது: லிட்டருக்கு 6 காசில் தொடங்கி மேலே ஏறும். 6 காசு! அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தென்னைக்கு என்ன ரேட் என்று தீர்ப்பில் இல்லை. 2011 ஜனவரியில் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் நகரம் விழித்துக்கொண்டது. 2017-இல் நொய்யலில் நுரை மலை மாதிரி வந்தபோது, கோவைக்காரர்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் காரணம் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி. கருப்பணன் கண்டுபிடித்துச் சொன்னார். குளிக்காமல் இருப்பதும் ஒரு நீர்வளத் திட்டம்தான், மானியம் மட்டும் அறிவிக்கவில்லை. கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 16 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டி 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டினார்கள். சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியானது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயியே கோர்ட்டுக்குப் போன அணை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா? கைவிட்ட கட்டுமானம் தேடுகிற ட்ரோன்காரர்கள் முதலில் அங்கே போகட்டும்.

நம்மவர்களிடம் மனு கொடுத்துப் பயனில்லை. மனுவைப் பார்த்தால் நிதி ஒதுக்கீடு இல்லை என்பார்கள், மதிப்பீடு தயாராகிறது என்பார்கள், அந்தப் பாலம் நெடுஞ்சாலைக்கா மாநகராட்சிக்கா என்று இரண்டு துறையும் ஒன்றையொன்று கை காட்டும். ஆகவே பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை வெளிநாட்டு ஆடிட்டர் வரும்போது காரில் ஏசியைப் போட்டுக் கூட்டி வராதீர்கள். காலை எட்டு மணிக்கு அந்தச் சவுக்குக் கம்புப் பக்கத்தில் இறக்கிவிட்டு, டைலர்களோடு நடந்து வரச் சொல்லுங்கள். கம்பெனிக்குள் தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று அம்புக்குறி போட்டிருக்கிறதா எனக் கேட்கிறவர், கம்பெனிக்கு வருகிற வழி எது என்றும் ஒரு தடவை கேட்கட்டும். ஆர்டர் கேன்சல் என்று ஒரு மெயில் வந்தால் போதும். எத்தனை மதிப்பீடு, எத்தனை ஒதுக்கீடு, எத்தனை ஜேசிபி ஒரே ராத்திரியில் வந்து நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.