ஓடாத லட்சம் மைல்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அமெரிக்காவில் பழைய கார் வாங்க வருபவர், பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கேட்பது ‘வாகன வரலாற்று அறிக்கை’ எனப்படும் ஆவணத்தையே. வண்டி எத்தனை பேரிடம் கைமாறியது, எப்போது இடிபட்டது, எத்தனையாவது மைலில் ஆயில் மாற்றப்பட்டது என்பனவற்றையெல்லாம் மாநிலப் பதிவு அலுவலகங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், பட்டறைகள் ஆகியவற்றிடமிருந்து திரட்டித் தனியார் நிறுவனங்கள் அதை விற்கின்றன. நம்மூர்ப் புரோக்கர் ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவதை இங்கே பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தருகிறார்கள்.

அறிக்கை வண்டியை இனங்காண்பது 17 இலக்க அடையாள எண்ணால். 1981 மாடல் வண்டிகளிலிருந்து நடைமுறையில் உள்ள இவ்வெண்ணில், 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் விலக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். அதாவது, எழுத்துகளுக்கும் எண்மதிப்புக் கொடுத்து, மற்றப் பதினாறையும் குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதி. மீதி 10 என்றால் அங்கே எக்ஸ் இடப்படும். ஆகவே எண்ணில் ஓரிடம் பிசகினால் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும். ஓடிய மைல் கணக்குக்கோ இப்படி ஒரு காவல் இல்லை. அது பட்டறையில் கிரீஸ் கையோடு விசைப்பலகையைத் தட்டுபவரின் விரலை நம்பியே இருக்கிறது.

தங்கள் மருமகன் விற்க முயலும் காருக்கு வினை வந்தது அந்த விரலால்தான். 54,210 என்று விழ வேண்டியது 1,54,210 என்று விழுந்தது. சில மாதம் கழித்து வேறொரு பட்டறை 57,900 என்று உள்ளதை உள்ளபடி பதிந்தபோது, கணக்கு லட்சம் மைலுக்குக் கீழிறங்கியதைக் கண்ட கணினி, பிழை செய்தவரை விட்டுவிட்டு உண்மை சொன்னவரைப் பிடித்து, ‘மைல் கணக்கில் முரண்பாடு’ என்று முத்திரை குத்தியது. மீட்டரைத் திருப்பி வைப்பது 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த வரியைப் படித்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு விற்பவரை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினர்.

திருத்தத்துக்கு மீட்டரின் புகைப்படம் மட்டும் போதவில்லை, குற்றம் சாட்டப்பட்டதே அந்த மீட்டர்தான் என்பதால். தவறிய பட்டறையே தன் பெயர் பொறித்த தாளில், வண்டி எண், தேதி, சரியான மைல் ஆகியவற்றோடு தன் பிழையை ஒப்புக்கொண்டு எழுதித்தர வேண்டும். முன்னும் பின்னுமுள்ள ரசீதுகளும் உடன் செல்ல வேண்டும். அறிக்கை நிறுவனம் பட்டறையைக் கைகாட்ட, பட்டறை அறிக்கை நிறுவனத்தைக் கைகாட்டியது. பட்டாவில் தகப்பன் பெயர் பிசகியதற்காக வி.ஏ.ஓ.வுக்கும் தாலுகா ஆபீசுக்கும் இடையே செருப்புத் தேய்த்த தங்களுக்கு இது புதிதல்ல. இங்கே தேய்வது காது, அதுவும் தொலைபேசியில் ஓயாமல் ஒலிக்கும் இசையால்.

ஒருவழியாகப் பட்டறையின் கடிதம் வந்தது. மைல் கணக்கு அதில் சரியாக இருந்தது. வண்டி எண்ணில்தான் ஓர் இலக்கம் பிசகிவிட்டது. காவல் இலக்கம் கடமை தவறாமல் அதைப் பிடித்து, அப்படி ஒரு வண்டியே உலகில் இல்லை என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கார் ஏன் இன்னும் விலைபோகவில்லை என்று தாங்கள் கேட்டிருந்ததற்கு இப்போதைக்கு விடை இதுவே. அத்தைக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்