தொட்டில் ஆடியது, பட்டம் போனது

கேள்வி: வின்ஸ்டன் சர்ச்சில் பிரபு வீட்டுப் பிள்ளைதானே? குடும்பப் பட்டம் அவருக்கு ஏன் வரவில்லை?

பதில்: தாத்தா, மார்ல்பரோவின் 7-வது டியூக். பேரன் பிறந்ததே பிளெனிம் அரண்மனையில். ஆனால் அப்பா ராண்டால்ஃப் இளைய மகன். பட்டமும் மாளிகையும் மூத்தவருக்கு. இளையவருக்குப் பெயருக்கு முன்னால் ஒரு ‘லார்ட்’, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்தப் பட்டம் ஒருமுறை பெண்வழியில் பிழைத்தது. 1702-இல் முதல் டியூக்கான தளபதி ஜான் சர்ச்சிலுக்கு ஆண் வாரிசு தங்கவில்லை. மகள்களுக்கும் போகலாம் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டுக்கொடுத்தது. 1722-இல் மூத்த மகள் ஹென்ரியட்டா பட்டத்துக்கு வந்தார். 1733-இல் அது அவர் தங்கை ஆனின் மகன் சார்லஸ் ஸ்பென்சரிடம் போனது. ‘சர்ச்சில்’ என்ற பெயரை மறுபடி ஒட்டவைத்துக்கொண்டது 1817-இல், 5-வது டியூக் காலத்தில்!

வின்ஸ்டனுக்கும் ஒரு நப்பாசைக் காலம் உண்டு. 1895-இல் அப்பா இறந்தார். 9-வது டியூக்கான பெரியப்பா மகனுக்கு அப்போது பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு இவரே. 1897-இல் அங்கே ஆண் குழந்தை பிறந்தது, கதை முடிந்தது.

நல்லவேளை! டியூக் ஆகியிருந்தால் இடம் பிரபுக்கள் சபையில்தான். மக்களவைத் தேர்தலில் நிற்க முடியாது. பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்ததே 1963-இல். ஆக, 1940-இல் பிரிட்டனுக்கு அந்தப் பிரதமர் கிடைத்ததில், அந்தக் கைக்குழந்தைக்கும் பங்கு உண்டு.