சாம்பிள் இருக்கா, சார்?

சென்னைப் புதுப்பேட்டையில் அம்பாசிடருக்கு இன்ஜின் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். கியர்பாக்ஸ் கேட்டால் பெட்ரோலா, டீசலா என்பார்கள். டைனமோ பட்டை கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "அதையெல்லாம் யார் சார் எடுத்து வைப்பாங்க? கிலோ கணக்குல போட்டாச்சு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய வண்டியை உடைக்கும்போது விலைபோகும் சாமானெல்லாம் கடை அலமாரிக்குப் போகும். அதையெல்லாம் தாங்கிப் பிடித்திருந்த பிராக்கெட், கிளாம்பு, பட்டை வகையறா காயலான் எடையில் சேரும். அதனால் பெரிய சாமானுக்குப் பஞ்சமே வருவதில்லை. 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது நாடே உருகிப் போய்க் கட்டுரை எழுதியது. பட்டைக்காக ஒரு வரி எழுதியவர் உண்டா?

இத்தனைக்கும் அது வெறும் இரும்புத் துண்டு. ஒரு முனையில் வட்டத் துளை, மறுமுனையில் நீளத் துளை. டைனமோவை நெம்பி, நீளத் துளையில் போல்ட்டை இறுக்கினால் ஃபேன் பெல்ட் விறைக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். பட்டை ஒடிந்தால் பெல்ட் தளரும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான் என்பதால் ரேடியேட்டர் கொதிக்கும். யாருமே கண்டுகொள்ளாத ஒன்றுவிட்ட சித்தப்பா முறைத்துக்கொண்டு போனதில் கல்யாணப் பந்தியே நின்றுபோவதைப் போல, என் மார்க் 4 அம்பாசிடர் நடுரோட்டில் நின்றது.

லேத்துப் பட்டறைக்குப் போனேன்.

"சாம்பிள் இருக்கா, சார்?"

"முழுசா இருந்தா அதையே மாட்டியிருப்பேனே, பாய்."

மிச்சமிருந்த பாதியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாதிதானே, சார்" என்றார்.

வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. முதலில் அட்டையில் அளவு வெட்ட வேண்டும். இந்த வேலைக்குக் கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய அட்டை கிடையாது. அதிலும் வசதியான வீட்டுப் பத்திரிகை என்றால் விசேஷம். விறைப்பாக நிற்கும், துளை போட்டாலும் பிய்யாது. பிள்ளையார் தலைக்கு மேல் வட்டத் துளை விழுந்தது. நீளத் துளை விழுந்த இடத்தில் முகூர்த்த நேரம் இருந்திருக்கிறது. கல்யாணம் அடுத்த வாரம் என்றாள் மனைவி. துளைக்குத் துளை தூரம் மயிரிழை பிசகவில்லை என்று நான் சொன்ன சமாதானம் அவளிடம் எடுபடவில்லை.

இரும்பு விஷயத்தில் சிக்கல் இல்லை. எம்.எஸ். ஃபிளாட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பட்டையில் நெளிவு வேண்டுமென்றால் முதலில் வைஸில் கடித்து வளைத்துவிட்டு, துளையை அப்புறம் போட வேண்டும். வளைவில் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் சுருங்கும். முன்னாலேயே போட்ட துளை இடம் மாறிவிடும். நீளத் துளைக்கு வரிசையாக ட்ரில் போட்டு, நடுச் சுவர்களை உடைத்து, அரத்தால் ராவ வேண்டும். ராவுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். மேல்வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். இரும்புத்தூள் மறுநாள் காலை இட்லி மாவுக்குப் பக்கத்தில் எப்படிப் போயிற்று என்பது வேறு விசாரணை.

அடுத்தது போல்ட். வண்டியோ மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரின் வம்சம், எல்லாம் அங்குலக் கணக்கு. ஹார்டுவேர் கடையோ மில்லிமீட்டர் ராஜ்ஜியம். 5/16 அங்குலம் என்றால் 7.94 மி.மீ. அதில் 8 எம்.எம். நட்டைப் போட்டால் முதல் சுற்று மரியாதையாக ஏறும், அப்புறம் மல்லுக்கு நிற்கும். "இன்னும் கொஞ்சம் முறுக்குங்க சார், போயிடும்" என்றார் கடைப் பையன். போகும்தான். மரை போகும். (தொண்ணூறுகளில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசிடர்காரர்கள் பாடு இன்னும் மோசம். பாடி அங்குலத்தில், இன்ஜின் மில்லிமீட்டரில். டிக்கியில் இரண்டு செட் ஸ்பேனர் வைத்துக்கொண்டு அலைய வேண்டும்.)

கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டி, பெல்ட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர் வந்து பானெட்டுக்குள் தலையை விட்டார். நேராகப் பட்டையைப் பார்த்தார்.

"பாருங்க, அந்தக் காலத்து இரும்பு! இன்னைக்கு எவன் சார் இப்படிச் செய்யறான்?" என்று தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார்.

பெயின்ட் இன்னும் காயவில்லை, தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.