கொலு பொம்மையை விற்றவர்

கொலுவுக்கு வந்தவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். "அந்த மூணாம் படி செட்டியாரை எடுத்துக் குடுங்க, என்ன விலை?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வீட்டுக்காரர்கள் கொடுப்பதில்லை. 1964 ஏப்ரலில் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் ஒருவர் கேட்டார், இன்னொருவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அமெரிக்கா இன்றைக்கும் உருகி உருகிக் காதலிக்கிற ஃபோர்டு மஸ்டாங்கின் வரிசை எண் ஒன்று, அதாவது மூத்த குழந்தை, இப்படித்தான் பில் போட்டு வெளியே போனது.

அந்தக் கம்பெனி அப்போது எவ்வளவு பயந்து போயிருந்தது என்று தெரிந்தால்தான் இதன் ருசி புரியும்.

ஏழு வருடம் முன்னால், 1957-ல், எட்செல் என்று ஒரு காரை இறக்கியிருந்தார்கள். அதற்குப் பெயர் தேடிய கூத்தே தனி. ஆயிரக்கணக்கில் பெயர்களைக் குவித்தார்கள். போதாதென்று மேரியன் மூர் என்ற பெரிய கவிஞரிடம் போய் நின்றார்கள். கவிஞரிடம் காருக்குப் பெயர் கேட்டால் என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. 'யுடோபியன் டர்டில்டாப்' என்றார். பொன்னுலக ஆமை ஓடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். கம்பெனி கும்பிடு போட்டுத் திரும்பி வந்து, முதலாளியின் காலஞ்சென்ற அப்பா எட்செல் ஃபோர்டின் பெயரையே வைத்தது. காரின் முகப்போ குதிரைக் கழுத்துப் பட்டை மாதிரி இருந்தது. கழிப்பறை இருக்கை மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அப்பா பெயருள்ள வண்டிக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். மூன்றே வருடத்தில் கடையைக் கட்டினார்கள். நஷ்டம் 25 கோடி டாலர் என்று சொல்வார்கள்.

சூடுபட்ட முதலாளியிடம் லீ அயகோக்கா என்ற அதிகாரி இன்னொரு புதுக் காருக்குப் பணம் கேட்டார். கேட்கவே ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அவர் சமையல் தெரிந்தவர். ஃபால்கன் என்ற பரம சாதுவான குடும்பக் காரின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டார். மேலே நீண்ட மூக்கு, குட்டை வால், ஓடுகிற குதிரை ஒன்று. உள்ளே நேற்றைய சாதம், மேலே நெய்யும் முந்திரியும். ஆரம்ப விலை 2,368 டாலர். அதற்குப் பிறகு வாங்குகிறவர் 'இது இருந்தால் நல்லா இருக்குமே, அது இருந்தால் நல்லா இருக்குமே' என்று தானாகவே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வார். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் லாபம் இருந்தது. (ஜெர்மனியில் மட்டும் மஸ்டாங் என்ற பெயர் வேறொரு கம்பெனி கையில் இருந்ததால், அங்கே பாவம் டி-5 என்று ரயில் பெட்டி மாதிரி ஓட வேண்டியதாயிற்று.)

முகூர்த்தம் குறித்தார்கள்: ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சி. முந்தின நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அமெரிக்காவின் மூன்று பெரிய டிவி நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் மஸ்டாங் விளம்பரம். தப்பிக்க ஒரே வழி, பெட்டியை அணைத்துவிட்டுப் படுப்பது. டைம், நியூஸ்வீக் இரண்டின் அட்டையிலும் ஒரே வாரத்தில் அயகோக்கா. இந்திரன் பிரவேசத்துக்குத் திரை பிடிப்பதுபோல அத்தனை ஏற்பாடு. முகூர்த்தத்துக்கு முன்னால் யாருக்கும் விற்கக் கூடாது. டீலர்களிடம் போகிற முதல் வண்டிகள் காட்சிக்கு மட்டும்.

முதலில் தயாரான வண்டிகளைத் தூரத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். செயின்ட் ஜான்ஸ் இருப்பது நியூஃபவுண்ட்லாந்து தீவில், வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கோடியில். இதற்கு மேல் தள்ளினால் அட்லாண்டிக்கில்தான் விழ வேண்டும். உலகமே முழு மணிக் கணக்கில் ஓடும்போது நம்மைப்போல அரை மணி பேதம் வைத்துக்கொண்டிருக்கும் ஊர். அங்கே வந்து இறங்கியது 'விம்பிள்டன் வெள்ளை' நிறத்தில், கூரை மடங்குகிற மஸ்டாங் ஒன்று. வரிசை எண்ணின் வாலில் 100001.

ஏப்ரல் 14. ஸ்டான்லி டக்கர் என்ற விமானி அதைப் பார்த்தார். தினமும் வானத்தில் பறக்கிறவருக்குத் தரையில் ஒரு வண்டியைப் பார்த்து மயக்கம் வந்தது. பேச்சு இப்படித்தான் நடந்திருக்கும் என்று என் கற்பனை:

"இது எனக்கு வேணும்."

"இது காட்சிக்கு வெச்சிருக்கோம் சார்."

"பார்த்தாச்சு. எவ்வளவு?"

நல்ல விற்பனையாளர் இதற்கு மேல் என்ன செய்வார்? கோடிக்கணக்கில் செலவழித்துத் தலைமையகம் போட்ட திட்டம் ஒரு பக்கம். பணத்தோடு எதிரே நிற்கிற மனிதர் ஒரு பக்கம். விற்கத்தானே சம்பளம்? விற்றார். எனக்கு அவர்மேல் குற்றமே தோன்றவில்லை. அந்த மொத்தக் கதையில் கொடுத்த வேலையை நேரடியாகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

இதுவாவது தீவு. மறுநாளே சிகாகோவில் 22 வயது ஆசிரியை ஒருவர், அப்பா கொடுத்த கடனில் நீல மஸ்டாங் ஒன்றை 3,447 டாலர் 50 சென்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 1979-ல் அது பழுதானபோது அவர் கணவர் சரிபண்ணுவதாகச் சொல்லிக் கொட்டகையில் நிறுத்தினார். 27 வருடம் நிறுத்தினார். நம் வீட்டு மிக்ஸி ஞாபகம் வருகிறதா?

17-ம் தேதி முகூர்த்தம் தடையில்லாமல் நடந்தது. முதல் நாளே 22,000 ஆர்டர். ஒரு வருடத்தில் நாலு லட்சத்துக்கும் மேல். கும்மாளம் அடங்கிய பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது: ஆமாம், நம்பர் ஒன் எங்கே?

நம்பர் ஒன் நியூஃபவுண்ட்லாந்தில் பனிக்கும் உப்புக் காற்றுக்கும் நடுவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரில் வேறு மஸ்டாங் இல்லாததால், டக்கர் போகிற இடமெல்லாம் கூட்டம். கம்பெனி திரும்பக் கேட்டது. மாட்டேன் என்றார். உலகத்துக்கே கார் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி, ஒரே ஒரு காரை வாங்க முடியாமல் நின்றது. பழைய கார் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்த வேதனை தெரியும். அதுவும் இது சிங்கிள் ஓனர், பைலட் ஓட்டிய வண்டி.

இரண்டு வருடம் விட்டுப் பிடித்தார்கள். 1966-ல் மஸ்டாங் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டபோது எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் வந்தது: முதலாவதைக் கொடுங்கள், பத்து லட்சமாவதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் டக்கர் பத்தாயிரம் மைல் ஓட்டிப் பார்த்திருந்தார். புது வண்டி, கையை விட்டுக் காசும் போகாது. சரி என்றார். படம் எடுத்துக்கொண்டார்கள். முதலாவது, டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போனது.

அதை விற்றவரை எல்லோரும் மறந்துபோனார்கள். 2019-ல் அவர் பேத்தி, தாத்தா அந்தக் காரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சமூக ஊடகத்தில் ஊரைக் கூட்டினார். எண்பது தாண்டிய தாத்தாவை அருங்காட்சியகம் வரவழைத்தது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து, மறுபடியும் அதே வெள்ளைக் காரின் பக்கத்தில் அவர் நின்றார். அக்கம்பக்கத்தில் விமானி எவரும் செக் புத்தகத்தோடு நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் அவரை உள்ளே விட்டிருப்பார்கள்.