வேற்று மாநில அவுட்போர்டு மோட்டாரும் அதன் உரிமைச் சான்றும்: ஓர் ஆய்வு

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுவதற்கும், வேண்டாதபோது கழற்றி எடுத்துப் போவதற்கும் உரிய எஞ்சின். மீனவருக்கு இந்த விளக்கம் போதும், சட்டத்துக்குப் போதாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பூங்கா, வனவிலங்குச் சட்டத்தொகுப்பின் 31ஆம் அத்தியாயம் இதற்கு முறையான இலக்கணமே வகுத்திருக்கிறது. அது தன்னளவில் முழுமையான உள்ளெரி எஞ்சினாக இருக்க வேண்டும். படகைச் செலுத்த வேண்டும். படகிலிருந்து அப்படியே ஒன்றாகக் கழன்று வர வேண்டும். எரிபொருள் வழங்கும் பகுதி இதில் அடங்காது என்று ஒரு விலக்கும் உண்டு. ஆகவே குழாயோடு கூட வரும் சிவப்பு பெட்ரோல் டேங்க் மோட்டாரின் உறுப்பு ஆகாது, கூட வந்த உறவுக்காரர்தான். பாட்டரியில் ஓடும் மோட்டாரோ, படகை எத்தனை அழகாகச் செலுத்தினாலும், உள்ளே ஒன்றும் எரியாத குறையால் இந்தக் குலத்திலேயே சேர்வதில்லை.

இலக்கணத்துள் அடங்கிய மோட்டாருக்கு டெக்சஸில் டைட்டில், அதாவது உரிமைச் சான்று, வேண்டும். நம்மூர் ஆர்.சி. புத்தகம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது: வண்டி யாருடையது, வண்டி ஓடலாமா. டைட்டில் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் தாள். அங்கே படகுக்குத் தனி டைட்டில், அதைத் தள்ளும் மோட்டாருக்குத் தனி டைட்டில். படகுக்குப் பதிவு எண் உண்டு, அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். மோட்டாருக்கு இரண்டும் இல்லை. ஒருமுறை சான்று வாங்கினால் கை மாறும்வரை தொல்லை இல்லை. இவ்வளவு தூரம் அக்கறை எதற்கு என்றால், கழற்றத்தக்கது களவாடத்தக்கதும் ஆகும் என்பதே காரணம். கடன் கொடுத்த வங்கி தன் பெயரை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்பது இரண்டாவது காரணம். வரி மூன்றாவது. முக்கியத்துவத்தின்படி இந்த வரிசையைத் தலைகீழாகப் படிப்பாரும் உளர்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதால்தான் இப்பொருள் ஆய்வுக்கு உரியதாகிறது. டெக்சஸ் குதிரைத்திறன் பார்ப்பதில்லை. சவுத் கரோலினாவில் 5 குதிரைத்திறன் முதல் டைட்டில் தேவை. ஒஹாயோவில் 10 முதல். ஓக்லஹோமாவிலோ 10க்கு மேல். மிகச் சரியாகப் பத்தே குதிரைத்திறன் உள்ள மோட்டார் ஒஹாயோவில் ஆவணம் பெற்ற சொத்து, ஓக்லஹோமாவில் வெறும் சாமான். ஃபுளோரிடா படகுக்கு டைட்டில் தரும், மோட்டாருக்குத் தராது. பெரும்பாலான மாநிலங்கள் மோட்டாரைப் பொருட்டாகவே எண்ணுவதில்லை. விஸ்கான்சினும் அவற்றுள் ஒன்று. நார்வேயில் பிறந்து அங்கே குடியேறிய ஓலே எவின்ரூட் 1909இல் அவுட்போர்டு மோட்டாரை விற்கத் தொடங்கி அதைப் பரவலாக்கியது அந்த மாநிலத்தில்தான். காதலி பெஸ் கேட்ட ஐஸ்கிரீமை ஏரியின் மறுகரையிலிருந்து துடுப்புப் போட்டுக் கொண்டுவருவதற்குள் அது உருகிப்போனதாம். அந்த வெயில்தான் மோட்டாருக்கு வித்து என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. உருகிய ஐஸ்கிரீமுக்கு அவரிடம் எவரும் ரசீது கேட்டதாகக் கதையில் இல்லை.

இனி சிக்கலுக்கு வருவோம். ஃபுளோரிடாவில் ஒருவர் தம் பழைய 40 குதிரைத்திறன் மோட்டாரை 2,000 டாலருக்கு விற்கிறார். டெக்சஸ்காரர் வாங்கி வண்டியில் ஏற்றுகிறார். டெக்சஸ் எல்லை தாண்டும்வரை மோட்டாருக்கு டைட்டில் என்ற ஒன்று கிடையாது, தேவையும் இல்லை. தாண்டியதும் தேவை வந்துவிடுகிறது, டைட்டில் வந்துவிடவில்லை. விற்றவரிடம் கேட்டால், “எங்கள் ஊரில் அது கிடையாதே” என்பார். அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் திருடி விற்பவரும் இதே சொற்களைத்தான் சொல்வார். பழைய அளவை நூலார் இன்மையையும் ஓர் அளவையாக எண்ணினார்கள்: குடம் இல்லை என்பதைக் குடம் காணப்படாமையால் அறியலாம். கவுன்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு இந்த அளவை உடன்பாடில்லை. காணப்படாத தாளுக்குப் பதிலாகக் காணப்படும் வேறு தாள் ஏதாவது அவருக்கு வேண்டும்.

அந்த வேறு தாள் விற்பனைச் சீட்டு. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி, விலை, மோட்டாரின் தயாரிப்பாளர், வரிசை எண், விற்றவர் கையெழுத்து ஆகியன அதன் உறுப்புகள். உறுப்பு குறைந்த சீட்டு பல வகைப்படும். படகும் மோட்டாரும் டிரெய்லரும் சேர்த்து ஒரே விலை போட்டு, “படகு முதலியன” என்று எழுதிய சீட்டு ஒரு வகை. அந்த ‘முதலியன’வுக்குள் மோட்டார் மறைந்து நிற்கிறது, அதற்கு வரிசை எண்ணும் இல்லை விலையும் இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் சொந்தமான மோட்டாரைக் கணவர் மட்டும் கையெழுத்திட்டு விற்ற சீட்டு இன்னொரு வகை. அடித்தல் திருத்தல் உள்ளது மூன்றாவது. எண் 8 ஒரு மூலையில் ‘பி’ ஆகவும், சுழி ‘ஓ’ ஆகவும் மாறிய சீட்டு நான்காவது. குற்றம் செய்யாமலே குற்றவாளி ஆக்குவதில் இதற்கு இணை இல்லை. விற்றவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போதுதான் இந்தக் குறைகள் கண்ணில் படும்.

வரிசை எண் தனியே ஆராயத்தக்கது. அமெரிக்காவில் படகின் உடலுக்கு 1972 முதல் 12 இலக்க அடையாள எண்ணைக் கூட்டரசு கட்டாயமாக்கியது. மோட்டாருக்கு அப்படி ஒரு பொது முறை இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எண்ணிக்கொண்டது. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வரிசை எண்ணோடு மாடல் எண்ணையும் படித்தால்தான் ஆண்டு தெரியும். 1980 மாடல் முதல் ‘இன்ட்ரடியூசஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளை 1 முதல் 9 வரையும் கடைசியில் 0 ஆகவும் வைத்துக்கொண்டார்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்துக்கு முன் ‘சி, ஈ’ என்றிருந்தால் 89 என்று பொருள். இதைத் தமிழில் குறித்துக்கொள்வோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: மூன்றாவது எழுத்தும் ஆறாவது எழுத்தும் தமிழில் ஒரே ‘டி’ ஆகிவிடுவதால் 1983ஆம் ஆண்டு மோட்டாருக்கு மூன்று வயது குறையும். சந்தேகம் வந்தால் தயாரித்த கம்பெனியைக் கேட்கலாம் என்பதற்கும் வழி இல்லை. அவுட்போர்டு மரீன் கார்ப்பரேஷன் 2000இன் இறுதியில் திவாலாயிற்று, எவின்ரூட் என்ற பெயரும் 2020இல் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது.

விண்ணப்பத்தோடு வரிசை எண்ணின் பென்சில் தேய்ப்பையோ தெளிவான புகைப்படத்தையோ இணைக்க வேண்டும். பென்சில் தேய்ப்பு, கல்வெட்டறிஞர் எடுக்கும் மைப்படிக்கு ஏழைத் தம்பி. எண் பொறித்த சிறு தட்டு, மோட்டாரைப் படகோடு கவ்விப் பிடிக்கும் சட்டத்தின் பக்கவாட்டில் ஆணி அடித்துப் பொருத்தியிருக்கும். அதன்மேல் கடல் உப்பு ஒரு படலம், முன்னாள் உரிமையாளர் அழகுக்காக அடித்த கறுப்பு பெயின்ட் இரண்டு படலம். முதல் வேலை, நனைத்த துணியால் பொறுமையாக ஒற்றி எடுப்பது. கம்பி பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தால் உப்போடு எண்ணும் போய்விடும்; எண் அழிந்த மோட்டாரோடு நிற்பவர் யாராக இருந்தாலும் பார்ப்பதற்குத் திருடர்போலவே தோன்றுவார். தட்டு உலர்ந்ததும் மெல்லிய தாளை வைத்து, மேல் விளிம்பை இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் ஓட்ட வேண்டும். குழிந்து பொறித்த எண்கள் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக எழும். அந்த நேரத்தில் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வோர் எண்ணும் இரட்டைப் பிறவி எடுக்கும். புதிய மோட்டார்களில் பொறித்த தட்டுக்குப் பதில் வழவழப்பான ஸ்டிக்கர். அதன்மேல் எத்தனை பக்தியோடு தேய்த்தாலும் கிடைப்பது சாம்பல் நிறச் செவ்வகம் ஒன்றுதான். அங்கே கேமராவே கதி.

தட்டு போய்விட்டால் பவர்ஹெட்டை, அதாவது மோட்டாரின் தலையாகிய எஞ்சின் பகுதியை, திறந்து பார்க்கலாம். பல ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி மோட்டார்களில் சிலிண்டர் பிளாக்கில் நாணய அளவு உலோக மூடி ஒன்றில் அதே எண் பதிந்திருக்கும். அதே எண் என்பது பவர்ஹெட் மாற்றப்படாதவரை. பழுதான தலையைக் கழற்றி வேறு மோட்டாரின் தலையைப் பொருத்துவது மெக்கானிக்குகள் வழக்கம். அப்போது மேலே ஓர் எண், கீழே ஓர் எண். தலைகள் மாறிப் பொருந்திய இருவரில் கணவன் யார் என்று வேதாளம் கேட்டபோது தலைக்கே முதன்மை என்று விக்கிரமாதித்தன் தீர்ப்புச் சொன்னான். அலுவலகமோ பொதுவாகக் கீழே கவ்வியிருக்கும் சட்டத்து எண்ணையே மோட்டாரின் எண்ணாகக் கொள்ளும்.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் பி.டபிள்யூ.டி. 144. தமிழ் வாசகருக்குப் பொதுப்பணித் துறையும் தடை உத்தரவும் ஒரே மூச்சில் நினைவுக்கு வரலாம். இங்கே அது டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் சுருக்கம் மட்டுமே. படகுக்கு உரியது 143. அவசரத்தில் படகுப் படிவத்தில் மோட்டாரை எழுதிவிட்டு, நீளம் எத்தனை அடி என்ற கட்டத்தில் திகைத்து நிற்பது உண்டு. படிவத்தைத் துறையின் அலுவலகங்களிலும், இந்தப் பணியை ஏற்றிருக்கும் கவுன்டி வரி அலுவலகங்களிலும் நேரில் கொடுக்கலாம். ஆஸ்டினிலுள்ள தலைமையகத்துக்கு அஞ்சலிலும் அனுப்பலாம். நேரில் கொடுப்பதே உத்தமம்: குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

டைட்டில் கட்டணம் 27 டாலர். விலையில் நூற்றுக்கு 6.25 வீதம் வரி. மேலே சொன்ன 2,000 டாலர் மோட்டாருக்கு வரி 125 டாலர். வாங்கிய மாநிலத்திலேயே வரி கட்டியிருந்தால் ரசீதைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ரசீது இல்லாதவர் கட்டாதவரே. குடிபெயர்ந்து வருபவர் தம் சொந்த மோட்டாரைக் கொண்டுவந்தால் 15 டாலரோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு மோட்டாருக்கு வரி 18,750 டாலரைத் தாண்டாது என்ற கருணையும் 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கருணையைப் பெற மோட்டார் 3 லட்சம் டாலர் விலை போக வேண்டும். கடைகளில் கிடைக்கும் ராட்சத அவுட்போர்டுகள்கூட அதன் பக்கத்தில் வருவதில்லை. விலையைக் குறைத்து எழுதும் கலை இங்கும் அறியப்பட்டதே. ஓடும் மோட்டாரை 1 டாலருக்கு வாங்கியதாக எழுதுவோர், விற்றவருக்கும் தமக்கும் உள்ள பாசத்தை விளக்கத் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் திரும்புவதற்குப் பூர்வ ஜன்மம் காரணமாகலாம். ஃபுளோரிடாவில் வாங்கிய மோட்டார் பல ஆண்டுகளுக்கு முன் டெக்சஸில் டைட்டில் பெற்று, பின்னர் ஊர் மாறிப் போனதாக இருக்கும். துறையின் பதிவேட்டில் அந்தப் பழைய உரிமையாளர் இன்னும் உரிமையாளராகவே வீற்றிருப்பார். சில வேளை அவருக்குக் கடன் கொடுத்த வங்கியும் அருகே நிற்கும். அவரிடமிருந்து இன்றுவரை கைமாறிய கதையை ஒவ்வொரு கண்ணியாகக் காட்ட வேண்டும். இதைத் தவிர்க்க ஒரே வழி, பணம் கொடுக்கும் முன்பே வரிசை எண்ணைத் துறையின் இணையத் தேடலில் போட்டு உரிமையாளர், கடன் விவரங்களைப் பார்த்துவிடுவது. ஆவணக் கண்ணி எங்கும் அகப்படாவிட்டால், மோட்டாரின் மதிப்பை ஒட்டிய தொகைக்குப் பிணைப்பத்திரம் கொடுத்து டைட்டில் கேட்கலாம். சிறு மோட்டாருக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எண்ணே இல்லாத மோட்டாருக்குத் துறையே புது எண் வழங்க வழி உண்டு. அதற்குமுன் மோட்டாரைப் பார்வையிட்டுச் சான்று தர வேண்டியவர், கள்ள மான் வேட்டைக்காரரையும் மீன் திருடரையும் துரத்தும் அதே கேம் வார்டன்.

டைட்டில் கைக்கு வந்ததும் பெயரையும் வரிசை எண்ணையும் தட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, படகில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும். விற்கும்போது அதைக் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் ஃபுளோரிடாக்காரராக இருந்தால் மரியாதைக்காக வாங்கிக்கொள்வார். அங்கே அதைக் கேட்கும் அலுவலகம் இல்லை.