புதைய ஆள் வேண்டுமே!

கேள்வி: எங்கள் ஊர் சம்பத்கிரி மலையில் இவ்வளவு பாறை இருக்கிறதே, ஒரு புதைபடிவமாவது கிடைக்குமா? (வாசகர், போளூர்)

பதில்: கிடைக்காது. புதைய ஆள் வேண்டுமே! உங்கள் பக்கத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அன்று பூமியில் நுண்ணுயிர்களை விட்டால் யாருமில்லை. தவிர, அங்கே இருப்பவை தீப்பாறையும் உருமாறிய பாறையும்தான். தீப்பாறை நெருப்புக் குழம்பில் பிறந்தது. உருமாறிய பாறை அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்தது. அந்த உலையில் எலும்பு தங்குமா? படிவுப் பாறைதான் பொக்கிஷப் பெட்டி. மடித்த பட்டுச் சேலைக்குள் தாழம்பூ வைத்த மாதிரி, மண் அடுக்கடுக்காகப் படியும்போதே உயிர்களையும் உள்ளே வைத்துக்கொள்ளும். திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள்: சிலிக்கா ஊறிக் கல்லான மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை! அரியலூரிலோ, பின்வாங்கிய கடல் விட்டுச்சென்ற அம்மோனைட் என்னும் கடலுயிர்களின் ஓடுகள். கண்ணால் அள்ளுங்கள், கையால் வேண்டாம்.