மொட்டைமாடி விஞ்ஞானி

ராக்கெட் ரசிகர் சென்னையிலும், குறிப்பாக அதன் வடபகுதிகளிலும், மிகுதியாகக் காணப்படுகிறார். ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா, நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் இருப்பது இதற்கு முதற்காரணம்; மொட்டைமாடி இரண்டாவது. இவர் விண்வெளித் துறையில் பணிபுரிபவர் அல்லர். வங்கியிலோ மின்வாரியத்திலோ இருப்பார். ஆனாலும் இஸ்ரோவைப் பற்றிய பேச்சை ‘நாங்க’ என்றே தொடங்குவார்.

ராக்கெட் விடும் தேதி அரசு அறிவிப்புக்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். விமானிகளுக்கு விடுக்கப்படும் வான்பரப்பு எச்சரிக்கையைத் தேடிப் படித்து, வங்காள விரிகுடாவில் எந்தப் பகுதி மூடப்படுகிறது என்பதை வைத்தே போகப்போவது எது, எந்தத் திசையில் என்று சொல்லிவிடுவார். துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. நேராகத் தெற்கே போவதில்லை. கழன்று விழும் பாகங்கள் இலங்கைமேல் விழக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகு திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் செலவாகும் எரிபொருளுக்காக இவர் படும் வேதனை, சொந்த ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போடும்போதுகூட முகத்தில் தெரியாது. தெற்கே திறந்த கடல் உள்ள குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும், திருச்செந்தூர்ப் பக்கம் உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று மனைவியிடம் முதல்முறையாக அக்கறையோடு விசாரித்தார்.

ஏவும் நாளன்று குடும்பம் முழுவதும் மாடிக்கு வரவழைக்கப்படும். கைபேசி நேரலை எப்போதும் சற்றுப் பிந்தியே வருவதால், அதில் ‘ஒன்பது, எட்டு’ என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே வடக்கே ஆரஞ்சு வெளிச்சம் எழும்பிவிடுவதுண்டு. “அது ராக்கெட் இல்லம்மா, இன்னும் எட்டு செகண்ட் இருக்கு” என்று கைபேசியை விட்டுத் தலை நிமிராமல் சொல்வார். அவர் நிமிரும்போது புகை மட்டும் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் கேட்கும் ‘பெர்ஃபாமன்ஸ் நார்மல்’ என்ற வாசகம் அதன்பின் ஒரு வாரம் வீட்டில் புழங்கும். குக்கர் மூன்றாவது விசில் அடித்தாலும் அதே அறிவிப்புதான்.

வெற்றி இவருக்கு இருபது நிமிட வேலைக்குமேல் தருவதில்லை. இவரை வாழவைப்பது ஒத்திவைப்பு. 2019 ஜூலை 15 அன்று அதிகாலை 2.51-க்குப் புறப்பட வேண்டிய சந்திரயான்-2, 56 நிமிடம் 24 நொடி மிச்சமிருக்கையில் நிறுத்தப்பட்டது. தூக்கம் கெட்டவர்கள் சலித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். ரசிகரோ மறுநாள் முதல் டீக்கடையில் திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருப்பதன் சிரமத்தை விளக்கத் தொடங்கினார். காசு வாங்காமல் டீ தந்தார்கள் என்றும் சொல்வதுண்டு. 22ஆம் தேதி அது ஒழுங்காகக் கிளம்பிப் போய்விட்டது. பேச்சும் நின்றது, டீயும் நின்றது.

மேலே போவதைப் போலவே கீழே விழுவதும் இவருடைய பொறுப்பு. 2021 மே மாதம் சீன ராக்கெட்டின் பெரிய பாகம் கட்டுப்பாடின்றி இறங்கியபோது, எங்கே விழும் என்று அக்கம்பக்கத்தார் இவரைத்தான் கேட்டார்கள். பூமியை ஒன்றரை மணி நேரத்தில் சுற்றும் பொருள் அது. கணிப்பு ஒரு நிமிடம் பிசகினாலே விழும் இடம் 400 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும்; சென்னைக்குக் குறித்தது பெங்களூரைத் தாண்டிவிடும். எனவே “இங்கே விழாது, விழுந்தாலும் சொல்றதுக்கில்ல” என்று துல்லியமாகப் பதில் சொன்னார். மாலத்தீவு அருகே கடலில் விழுந்தது. இவர்களில் மூத்தவர்களின் ஆர்வம் 1979-இல் ஸ்கைலாப் விழுந்த பீதியில் பிறந்தது. அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறின. எஸ்பெரன்ஸ் என்ற ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. 2023-இல் பி.எஸ்.எல்.வி.யின் ஒரு பாகம் அதே மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கியபோது, வல்லரசுகளின் வரிசையில் இந்தியாவும் சேர்ந்துவிட்டதாக இவர் கருதினார்.

வானியல் இவருக்குத் துணைப்பாடம். 2019 இறுதியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. அது வெடிக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. மாமியார் திருவாதிரையில் பிறந்தவராக அமைந்த வீடுகளில், இச்செய்தியை எந்த முகபாவத்தோடு சொல்வது என்பது பெரும் சிக்கலாயிற்று. நட்சத்திரம் தானே கக்கிய தூசுதான் அதை மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். மாமியாருக்கு அர்ச்சனை செய்த செலவு திரும்பவில்லை.

2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 விழுக்காடு வரை ஏறியது. ரசிகர் அன்றிரவே வீட்டுக்கடன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். கடைசித் தவணை 2034-இல். அடுத்த சில நாட்களில் வாய்ப்பு ஏறக்குறைய சுழிக்கு இறங்கியது. உலகம் பிழைத்ததை வீட்டாருக்கு அறிவித்த அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.